மாமாவின் சட்டைப் பையில்

போத்தனூர் ஸ்டேஷனில் கடைசிப் பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு சிமென்ட் பெஞ்ச். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெஞ்சின் ஒரு பக்கம் சுட்டது, மறுபக்கம் வேப்பமர நிழல். நான் சுடுகிற பக்கம் உட்கார்ந்திருந்தேன். நகர்ந்து உட்காரலாம் என்றுகூடத் தோன்றவில்லை. வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. உள்ளே ஒரு மாத்திரை அட்டை. அதன் குமிழ்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒன்றையும் உடைக்கவில்லை.

இடது கையில் போன். மனைவி சுகன்யாவைக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகப் பதிவுக்குரல் சொன்னது. அவள் பள்ளி ஆசிரியை. அன்று பொதுத்தேர்வு மேற்பார்வை. போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. இது காலையிலேயே எனக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேனோ என்று இப்போது எழுதும்போது சந்தேகமாக இருக்கிறது. கூப்பிட்டேன், கிடைக்கவில்லை, நான் என்ன செய்ய என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம் அல்லவா.

பிறகு மாமியாரின் எண்ணுக்குப் போட்டேன். அத்தை தன் போனைச் சார்ஜில் மாட்டியபடியே விட்டுவிட்டு உறவினர் காரில் ஒரு விசேஷத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார். எடுத்தது மாமனார்.

"சொல்லுங்க மாப்ள."

எனக்குப் பேச்சு வரவில்லை. சிகிச்சை மையத்தில் ஆலோசகர் ஒன்று சொல்லியிருந்தார்: ஆசை வந்தால் அதோடு தனியாக மல்லுக்கட்டாதீர்கள், யாருக்காவது போன் போடுங்கள், பேச்சு வராவிட்டாலும் வைத்துவிடாதீர்கள். நான் வைக்கவில்லை. அவ்வளவுதான் அன்று நான் செய்த நல்ல காரியம்.

மாமாவும் வைக்கவில்லை. பின்னால் கோழிகளின் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "எங்க இருக்கறீங்க?" என்றார்.

"போத்தனூர் ஸ்டேசன்லீங்க."

"கையில இருக்குதுங்களா?"

"ம்."

"அங்கயே உக்காந்திருங்க. வாரேன்."

முதுகில் தொடங்கியது

இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர், மையத்தில் இருந்த நாட்களைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் பார்த்துவிட்டு, "வெளிய வந்தப்பறம் சுலபமாயிருச்சுங்களா?" என்று கேட்டார். அவருக்காகத்தான் இந்த அத்தியாயம்.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் பம்ப்செட் மெக்கானிக். ஒரு கிணற்று மேட்டில் மோட்டாரைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. டாக்டர் சில நாட்களுக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி போனது. மாத்திரையை நான் விடவில்லை. அது எங்கெங்கே கொண்டுபோய்விட்டது என்பதை ஏற்கெனவே எழுதிவிட்டேன். திரும்ப எழுதத் தெம்பில்லை.

மையத்திலிருந்து வெளியே வந்தபோது சிங்காநல்லூரில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்திருந்தார்கள். பல்லடத்துக்குப் பக்கத்தில் மாமனாருக்குத் தோட்டமும் கறிக்கோழிப் பண்ணையும் உண்டு. அங்கே போய்ச் சேர்ந்தோம். எங்கள் பக்கத்தில் ஓர் ஆண் மாமனார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது எப்படிப்பட்ட விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை. உறவினர்களிடம் முதுகில் ஆபரேசன் என்று சொல்லி வைத்திருந்தார்கள். யாராவது வந்தால் நான் கொஞ்சம் குனிந்து நடப்பேன்.

அந்த வீட்டில் ஒரு தலைவலி மாத்திரைகூடக் கிடையாது. அத்தைக்குத் தலைவலி வந்தால் சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பழைய வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். வெகுநாள் கழித்துச் சுகன்யாதான் சொன்னாள். நான் அங்கே போவதற்கு முன்தினம் மாமா வீடு முழுக்கத் தேடி, இருந்த மாத்திரை அத்தனையையும் எடுத்துக் கொண்டுபோய்ப் பண்ணையில் குழி வெட்டிப் புதைத்துவிட்டாராம். அத்தையின் மூட்டுவலி மாத்திரையும் அதில் போய்விட்டது. அதற்குப் பிறகு அத்தை நெற்றியில் பற்றோடு எதிரே வந்தால் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

மாமாவின் பெயர் வெள்ளிங்கிரி. அதிகம் பேசாதவர். என் பழக்கத்தைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "கையில இருக்குதுங்களா?" என்றதுதான் முதல் கேள்வி.

கேட்டு வாங்கிய நாள்

மாதம் ஒருமுறை கோயமுத்தூரில் மையத்துக்குப் போய்க் காட்டிவிட்டு வர வேண்டும். சுகன்யாவோ அத்தையோ கூட வருவார்கள். சில சமயம் மாமா தன் பழைய ஆம்னி வேனில் கொண்டுவந்து விடுவார். ஆனால் கேட்டைத் தாண்டி உள்ளே வர மாட்டார். வண்டியை எதிர்ப்புற மரத்தடியில் நிறுத்திவிட்டு, செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம். எனக்கும் அதே பயம் இருந்ததால் நான் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

அன்று கிணத்துக்கடவில் மாமாவின் தங்கை சரஸ்வதியின் மகளுக்கு நிச்சயதார்த்தம். சொந்தபந்தம், ஒறம்பரை அத்தனை பேரும் வருவார்கள். அவர்கள் முகத்தில் விழிக்க என்னால் முடியாது. அதனால் அதே நாளை மையத்தில் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். சுகன்யாவுக்குத் தேர்வு வேலை, மற்றவர்களுக்கு விசேஷம். முதல் தடவையாகத் தனியாகப் போனேன். "போயிட்டு நேரா ஊடு வந்துருங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள் சுகன்யா.

மையத்தில் எல்லாம் நன்றாகவே போனது. முகம் தெளிந்திருக்கிறது என்றார்கள். வெளியே வந்ததும் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த பேக்கரியில் ஒரு டீ சொன்னேன். கண்ணாடிக்குப் பின்னால் தேங்காய் பன் சூடாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வாசனையில் மனசு லேசாக இருந்ததுகூட நினைவிருக்கிறது.

"என்னங்ணா, அடையாளமே தெரியல. குண்டாயிட்டீங்க."

சதீஷ். என்னோடு சேர்ந்து மாத்திரையில் விழுந்தவன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சட்டைக் கை மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது. நான் விட்டுவிட்டேன் என்று சொன்னேன். சந்தோஷப்பட்டான். உண்மையாகவே சந்தோஷப்பட்டான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினான். கையை எடுத்தபோது என் உள்ளங்கையில் அட்டை இருந்தது.

"நான் கெடந்து துடிச்சப்ப நீங்கதானுங்ணா குடுத்தீங்க. அத மறக்க மாட்டேன். வெச்சுக்குங்க, அவசரத்துக்கு."

அவனுக்கு அந்தப் பழக்கத்தை ஊட்டியவர்களில் நானும் ஒருவன். அவன் அதை நன்றியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். அட்டையை அங்கேயே கீழே போட்டிருக்கலாம். பாக்கெட்டில் வைத்தேன். பல்லடம் பஸ் வந்தது, ஏறவில்லை. போத்தனூர் பஸ்ஸில் ஏறினேன். பழைய நாட்களில் யார் கண்ணிலும் படாமல் உட்கார எனக்கு வாகாக இருந்த இடம் அந்தப் பெஞ்சுதான். கால்கள் அங்கேயே கொண்டுபோய் விட்டன.

மாமா வந்தார்

அவர் வருவதற்குள் இரண்டு மூன்று வண்டிகள் போயின. ஒருமுறை எழுந்து குழாயடிவரை போனேன். தண்ணீர் வந்தது. கையில் ஏந்தினேன். மாமா பாதி வழியில் வந்துகொண்டிருப்பார், கோழி லாரிக்கு லோடு ஏற்றுவதைப் பாதியில் விட்டுவிட்டு வருவார் என்று நினைத்தேன். தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். பக்தியோ வைராக்கியமோ என்னைத் தடுக்கவில்லை. ஒரு மனுசன் வந்துகொண்டிருக்கிறார் என்பது மட்டும்தான்.

வந்துவிட்டார். விசேஷத்துக்கான வெள்ளைச் சட்டை, கரை வேட்டி. ஆனால் காலில் பண்ணைக்குப் போடும் ரப்பர் செருப்பு. மாற்ற மறந்திருக்கிறார்.

"நெழல்ல உக்காரக் கூடாதுங்களா?" என்றார். கையை நீட்டினார். அட்டையைக் கொடுத்தேன். குமிழ்கள் எல்லாம் முழுசாக இருக்கின்றனவா என்று பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"இத என்னங்க பண்றது?"

"தெரியலீங்க மாமா."

"இங்க குப்பையில போட்டா வேற எவனாச்சும் எடுத்துருவான்." சொல்லிக்கொண்டே தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்குள் அவர் போன் அடித்தது. தங்கை. தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்ற முடியாது, நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். "வந்துட்டே இருக்கறேன் அம்மணி" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். பல்லடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வர நேரமில்லை. என்னைத் தனியாக அனுப்பவும் அவருக்கு மனசில்லை.

"வாங்க மாப்ள, போலாம்."

"நான் இந்தக் கோலத்துல எப்படீங்க?"

"எம்பட காலப் பாருங்க," என்றார்.

தாய்மாமன்

கிணத்துக்கடவுக்குக் கிளம்பினோம். வேனுக்குள் கோழித் தீவன வாசனை. நான் ஜன்னல் வழியாகத் தென்னை மரங்களைப் பார்ப்பதும், ஓரக்கண்ணால் அவர் சட்டைப் பையைப் பார்ப்பதுமாக வந்தேன். அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். என்னைக் காப்பாற்ற வந்தவரின் நெஞ்சைப் பார்த்து நான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

மண்டபத்தில் நுழைந்ததும் அவரை முன்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். ஜமக்காளத்தில் உட்கார்ந்து தேங்காய் பழத் தட்டை இரண்டு கையாலும் வாங்கினார், கொடுத்தார். ஒவ்வொரு தடவை குனியும்போதும் வெள்ளைத் துணிக்கு மேலே அட்டையின் வெள்ளி விளிம்பு எட்டிப் பார்த்தது. துணி மெல்லிசு. உள்ளே இருப்பதன் உருவம்கூடத் தெரிந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

சரஸ்வதி கவனித்திருந்தார்.

"ஏனுங்ணா, பையில மாத்திரை?"

மாமா கையால் பையைத் தொட்டுப் பார்த்தார். "எம்படதுதான் அம்மணி."

"பிரசருங்களா?"

"ஆமா."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?" தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் இரண்டு பேர் காதில் விழுந்து, வெள்ளிங்கிரிக்கு உடம்பு சரியில்லையாம் என்று மண்டபத்தின் அந்தக் கோடி வரை போய்விட்டது. ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒருவர் நெய் சேர்க்கக் கூடாது என்றார். எந்தச் சீக்கும் இல்லாத மனுசன், ஆமாங்க, ஆமாங்க என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

தூணுக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். வழக்கம்போல முதுகைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டு.

பந்தியில்

சாப்பாட்டுக்கு மாமாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். எதிர் வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா. பொள்ளாச்சியில் மெடிக்கல் கடை வைத்திருப்பவர் என்று அறிமுகம் செய்தார்கள். ரசம் ஊற்றும்போது சரஸ்வதி ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து அண்ணன் பக்கத்தில் நின்றார்.

"மாத்திரையைப் போட்டுக்குங்ணா. என்ற கண்ணு முன்னாடியே போடுங்க. இல்லாட்டி மறந்துபோடுவீங்க."

"அப்பறம் போட்டுக்கறேன்."

"அப்பறம்னா எப்ப? எடுங்க."

எதிரே இருந்த பெரியப்பா சிரித்தபடி இலைக்கு மேலே கையை நீட்டினார். நல்ல மனிதர். உதவத்தான் நினைத்தார். "இப்படிக் குடுங்க. சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயான்னு நான் பாத்துச் சொல்லிடறேன்."

மாமாவின் இடது கை பையை மூடிக்கொண்டது. மெடிக்கல் கடைக்காரருக்கு அந்த அட்டையைப் பார்த்தால் ஒரு கணம் போதும். அது எதற்கான மாத்திரை, இந்த நாளில் யார் யார் அதைத் தேடுகிறார்கள் என்று தெரிந்துவிடும். ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்லும் மனுசனைப் பற்றி, தங்கள் வீட்டு மருமகளாக வரப்போகும் பெண்ணின் தாய்மாமனைப் பற்றி, அந்தப் பெரியப்பா என்ன நினைப்பார்?

நான் தைரியசாலி இல்லை. அன்று காலையிலிருந்து நடந்ததைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அந்தக் கை சட்டையை விட்டு விலகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சோறு பிசைய முடியவில்லை.

"அது அவங்களதில்லைங்க. எம்படது," என்றேன்.

குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பெரியப்பா புரியாமல் பார்த்தார். இன்னொரு முறை சொன்னேன்.

"எனக்கு இந்த மாத்திரைப் பழக்கம் இருந்துச்சுங்க. முதுகு ஆபரேசன்னு சொன்னது பொய். ஆஸ்பத்திரியில இருந்து விட்டுட்டு வந்தேன். இன்னைக்கு மறுபடியும் கையில வாங்கிட்டேன். மாமா வந்து அத வாங்கித் தன் பையில வெச்சிருக்கறாங்க. அவங்களுக்கு ஒரு சீக்கும் இல்லீங்க."

ரச வாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெண்கள் பந்தியிலிருந்து அத்தை பார்த்தார். அவர் கையில் இருந்த அப்பளம் இலையில் விழுந்தது. பெரியப்பா நீட்டிய கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். "சாப்பிடுங்க தம்பி," என்றார். ஆனால் மோர் வாங்காமல் எழுந்தார். அவர் எழுந்ததும் அவர்கள் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

சரஸ்வதி டம்ளரை என் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அழுகிறார் என்று யாரோ சொன்னார்கள்.

மாமா தலை நிமிரவில்லை. இலையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். அந்தச் சாப்பாட்டின் ருசி எனக்கு நினைவில்லை. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது மட்டும் முதுகில் உறைத்துக்கொண்டிருந்தது.

வேனில்

திரும்பும்போது அத்தையும் எங்களோடு வந்தார். பின்சீட்டில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெகுதூரம் வந்தபிறகு மாமா பேசினார்.

"அவசரப்பட்டுட்டீங்க மாப்ள. நான் சமாளிச்சிருப்பனுங்க."

"எப்படீங்க மாமா? அவர் கையை நீட்டிட்டாரே."

ஒரு வளைவு வந்தது. வண்டியைத் திருப்பி நேராக்கிக்கொண்டார்.

"ஒண்ணப் பிச்சு முழுங்கியிருப்பேன்."

நான் அவரைப் பார்த்தேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ரோட்டைப் பார்த்தபடி, தீவன மூட்டை விலை சொல்வதுபோலச் சொன்னார். பின்சீட்டில் அத்தை அப்போதுதான் சத்தம் போட்டு அழுதார். அந்த மாத்திரைக்காக நான் திருடியிருக்கிறேன், பொய் சொல்லியிருக்கிறேன், சுகன்யாவைக் கை நீட்டி அடித்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டபோது குறுகியதுபோல நான் எப்போதும் குறுகியதில்லை.

பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்தில் சுகன்யா வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பெருமைப்படுவாள் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. "எங்கப்பாவ நாலு பேரு முன்னாடி இப்படி நிறுத்திட்டீங்களே," என்றாள். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். பிறகு, "போன் போட்டீங்கல்ல," என்றாள். அது கேள்வியா, ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பிட வரச் சொன்னாள்.

அந்தக் கல்யாணம் நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சில நாள் இழுத்தடித்துவிட்டுச் சம்மதித்தார்கள். தாய்மாமன் சீரை மாமாவே செய்தார். எனக்கும் சுகன்யாவுக்கும் பத்திரிகை தபாலில் வந்தது. நேரில் வந்து யாரும் அழைக்கவில்லை. நாங்கள் போகவில்லை. சரஸ்வதி இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. அவர் மேல் எனக்கு வருத்தமும் இல்லை.

உள்ளே வந்தார்

நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் காலை அட்டையை மையத்தில் ஒப்படைப்பது என்று முடிவானது. மாமா வேனை எடுத்தார். வழக்கமான மரத்தடியில் நிறுத்தினார். செய்தித்தாள் டேஷ்போர்டில் மடித்தபடி கிடந்தது. நான் அட்டைக்காகக் கையை நீட்டினேன்.

"உங்க கையில வேண்டாமுங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினார். கேட்டைத் தாண்டி வந்தார். செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் வாசலில் கொஞ்சம் தடுமாறினார்.

ஆலோசகர் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, நடந்ததைக் கேட்டார். அன்று குடும்பங்கள் கூடிப் பேசும் நாளாம். இருந்துவிட்டுப் போங்கள் என்றார். வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அம்மாக்கள், மனைவிமார், ஒரு அண்ணன். எல்லாரும் தரையையோ சுவரையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராகப் பேசச் சொன்னார்கள். சிலர் அழுதார்கள், சிலர் பழக்கத்தில் விழுந்த எங்களைத் திட்டினார்கள். மாமாவின் முறை வந்தது. வேண்டாம் என்று கையசைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

எழுந்து நின்றார். துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. இத்தன நாளா வெளியவே உக்காந்திருந்தேன். கூச்சமா இருந்துச்சுங்க. கூச்சம் போகட்டும், அப்பறம் உள்ள வரலாம்னு இருந்தேன்."

என் பக்கம் பார்க்கவில்லை.

"அது போற மாதிரி தெரியலீங்க. அதனால அதோடயே வந்துட்டேன்."